ஈயத்தைக் குறை சொல்லியே கழிந்த இரண்டு வருடம்

இருபத்தைந்து மீட்டர் தூரம். மணல் பையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, மூச்சை அடக்கி, அவசரமில்லாமல் ஆறு தடவை சுட்டேன். தாளைக் கழற்றி அளந்தால் ஆறு ஓட்டைகளும் 15 சென்டிமீட்டருக்குப் பரவிக் கிடந்தன. அதே ரிவால்வர், அதே மேசை, அதே காலை நேரம். தொழிற்சாலையில் செய்த, குண்டின் மேல் செம்பு உறை போட்ட செப்புறைத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. அதனால் துப்பாக்கியில் குறையில்லை, கையிலும் குறையில்லை, நான் வார்த்த குண்டில்தான் குறை என்று முடிவு கட்டினேன். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது.

என்னுடையது 45 கோல்ட் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வர். இந்தத் தோட்டா 1873-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பெரிய கூடு, பருத்த குண்டு, நிதானமான வேகம் என்பதால் ஈயக் குண்டுக்கு இதைவிட ஏற்ற தோட்டா எனக்குத் தெரிந்து இல்லை. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்து, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் தானே குண்டு வார்த்துச் சுடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சுற்றிய சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம்.

முதலில் நான் ஓடியது கடினமான ஈயத்தைத் தேடி. குழலைச் சுத்தம் செய்யும்போது துணியோடு ஈயச் சிம்புகள் சுருள் சுருளாக வந்தன. ஈயம் மெத்தென்று இருப்பதால்தான் குழலில் ஒட்டுகிறது, இறுக்கமான ஈயமாக இருந்தால் ஒட்டாது என்று நினைத்தேன். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். சுத்தமான ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் 5. வண்டிச் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டும் பழைய சக்கர எடைக் கட்டிகளை உருக்கினால் ஏறக்குறைய 12. அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகத்தில் 12 சதவீதம் ஆன்டிமனியும் 4 சதவீதம் வெள்ளீயமும் உண்டு. அதன் கடினம் 22. நான் சக்கர எடை ஈயத்தில் ஆரம்பித்தவன், கடைசியில் லைனோடைப் வரைக்கும் போய்விட்டேன். வார்த்து வந்த குண்டுகள் வெள்ளிக்காசு மாதிரி மின்னின. நகத்தால் கீறினால் கோடே விழாது.

சுட்டுப் பார்த்தால் தாளில் ஓட்டைகளின் கொத்து இன்னும் விரிந்தது. குழலில் ஒட்டிய ஈயமும் அதிகமானது.

அப்போதே ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க வேண்டும்: ஈயம் எங்கே ஒட்டுகிறது? குழலின் முன்முனையில் ஒட்டினால், வழுக்கலுக்காகக் குண்டில் பூசிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது என்று பொருள். என் குழலில் ஒட்டியது பின்பக்கம். சிலிண்டரிலிருந்து குண்டு குழலுக்குள் நுழையும் கூம்பு வாயிலும், அதை அடுத்த இரண்டு விரற்கடை தூரத்திலும்தான் படிந்திருந்தது. அங்கே படிகிறது என்றால் குண்டு அளவில் சிறுத்திருக்கிறது. வெடிமருந்து எரிந்து வரும் சூடான வாயு, குண்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்து, குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைக் கொண்டுபோய் எஃகில் அப்புகிறது. ஈயம் மெத்தென்று இருந்தால் அழுத்தத்தில் குண்டின் அடி சற்றுப் பருத்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும். என்னுடைய நிதானமான தோட்டாவின் அழுத்தம் லைனோடைப் குண்டைப் பருக்க வைக்கப் போதாது. கடினத்தைக் கூட்டக் கூட்ட, குண்டுக்கு இருந்த அந்த ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

இது புரிந்தது ஒரு தற்செயலால். ஒருநாள் சிலிண்டரைக் கழற்றித் துடைத்து மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தேன். பக்கத்தில் வார்த்த குண்டு ஒன்று கிடந்தது. எடுத்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளில் ஒன்றின் பின்பக்கம் போட்டேன். அது அறையைக் கடந்து, முன்னால் உள்ள குறுகலான கழுத்தையும் கடந்து, தன் எடையிலேயே வழுக்கி மேசையில் ‘டக்’ என்று விழுந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. ஐந்து அறைகளில் தடையே இல்லை. நான்காவது அறையில் மட்டும் குண்டு கழுத்தில் நின்றது. பென்சிலால் தள்ளிய பிறகுதான் போனது.

அன்று இரவே மைக்ரோமீட்டரை எடுத்தேன். காலிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. இங்கே பேச்சே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் பாதி. மெத்தென்ற சுத்த ஈயத்தில் கழுத்தைவிடச் சற்றுப் பருமனான உருண்டைகளை வார்த்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு கழுத்து வழியாகவும் மரக்குச்சியால் மெல்லத் தட்டி வெளியே எடுத்தேன். குழலுக்கும் அதே மாதிரி. காலித் துப்பாக்கி என்பதை இரண்டு முறை சோதித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், எஃகுக் கம்பியால் தட்டவே கூடாது. குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் புரிப் பள்ளங்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் எதிரெதிராக அளந்துவிடலாம். ஐந்து பள்ளம் உள்ள குழலில் அது நடக்காது, அதற்கென்று வி வடிவத் தாங்கி வேண்டும். என்னுடையது ஆறு பள்ளம்.

வந்த அளவுகள் இவை. குழலின் பள்ளம் 0.451 அங்குலம். ஐந்து கழுத்துகள் 0.4525. நான்காவது கழுத்து மட்டும் 0.4505. நான் குண்டுகளைச் சைசிங் டை என்ற அளவு வளையத்தில் தள்ளி 0.451-க்குக் கொண்டுவந்திருந்தேன், செப்புறைக் குண்டு 0.451 என்று படித்ததால். செப்புறைக்கு அந்த அளவு சரி. அது வாயுவின் அரிப்பைத் தாங்கும். ஈயம் தாங்காது. ஐந்து அறைகளில் குண்டு கழுத்துக்குள் கிழக்கும் மேற்கும் ஆடிக்கொண்டே போயிருக்கிறது. நான்காவது அறை அதைக் குழலைவிடவும் சிறியதாக்கி அனுப்பியிருக்கிறது.

ரிவால்வரில் குண்டு முதலில் சந்திப்பது குழலை அல்ல, கழுத்தை. பிஸ்டலிலோ ரைபிளிலோ பழகிவிட்டு வருகிறவர்கள் குழலை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். கழுத்து குழலின் பள்ளத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ பெரியதாக இருக்க வேண்டும், குண்டு கழுத்தின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் கழுத்து வழியே போக வேண்டும். தானாக விழவும் கூடாது, சுத்தியால் அடிக்கும்படியும் இருக்கக் கூடாது. கழுத்து குழலைவிடச் சிறியதாக இருக்கும் துப்பாக்கியில் எந்த ஈயமும், எந்த மெழுகும், எந்த மருந்தும் உதவாது. நான்காவது கழுத்தைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கைதேர்ந்தவரிடம் கொடுத்து, மற்ற ஐந்தின் அளவுக்கு ரீமர் போட்டுத் திறந்து வாங்கினேன். அந்த வேலையை நானே செய்யத் துணியவில்லை. எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

சைசிங் டையை 0.4525-க்கு மாற்றினேன். லைனோடைப்பை ஓரம் கட்டிவிட்டு, சக்கர எடை ஈயத்தில் 2 சதவீதம் வெள்ளீயம் சேர்த்த பழைய கலவைக்கே திரும்பினேன். புது அளவுக் குண்டு பொருத்திய தோட்டா எல்லா அறைகளிலும் தடையில்லாமல் உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு சுட்டேன். 15 சென்டிமீட்டர் 11 ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் குழலில் ஈயம் இன்னும் படிந்தது, பழைய இடத்திலேயே.

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் துப்பாக்கியை எடுக்கவில்லை.

குண்டு 0.4525 என்று மைக்ரோமீட்டர் சொல்கிறது. கழுத்தும் அதே அளவு. ஆனால் குழல் மட்டும் சின்னக் குண்டு வந்தது என்கிறது. இரண்டும் உண்மை என்றால், மேசையில் இருக்கும் குண்டும் சிலிண்டருக்குள் இருக்கும் குண்டும் ஒரே அளவில் இல்லை. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? நடுவில் இருப்பது பித்தளைக் கூடு.

குண்டு பொருத்தி முடித்த தோட்டாக்களில் ஐந்தை எடுத்து, சுத்தியல் மாதிரி இருக்கும் அந்தக் குண்டு உருவும் கருவியில் மாட்டித் தட்டிக் குண்டுகளை வெளியே எடுத்தேன். முதல் குண்டின் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரின் தாடைகளுக்கு இடையே வைத்துத் திருகினேன். 0.4505. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே 0.4505. ஐந்தும் அப்படித்தான். கூட்டுக்கு வெளியே இருந்த மூக்குப் பக்கம் மட்டும் 0.4525 இருந்தது. உள்ளே போன பகுதி பாட்டில் மூடியை இறுக்கியது போல் சுருங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

காரணம் எளிது. கூட்டை முதலில் ஒரு டை இறுக்குகிறது. பிறகு இன்னொரு டையில் உள்ள விரிப்புக் குச்சி கூட்டின் உட்புறத்தைக் குண்டுக்கு ஏற்றபடி விரிக்கிறது. என் குச்சி செப்புறைக் குண்டுக்கென்று செய்தது. அதன் விட்டம் குறைவு, நீளமும் குறைவு. செப்புறைக் குண்டு தானே கூட்டை விரித்துக்கொண்டு உட்காரும். மெத்தென்ற ஈயக் குண்டால் அது முடியாது. கூடு அதைப் பிடித்து நெரித்துவிடும். இதற்கு மேல் நான் கடைசிக் கட்டத்தில் கார்பைட் வளையம் உள்ள, கூட்டின் விளிம்பைக் குண்டின் மேல் மடிக்கும் கிரிம்ப் டையையும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த வளையம் முழுத் தோட்டாவையும் வெளியிலிருந்து ஒரு முறை இறுக்கி அனுப்புகிறது. செப்புறைக்கு அது நன்மை. எனக்கு அது அளந்து அளந்து செய்த குண்டைக் கடைசி நிமிடத்தில் கெடுத்த கருவி.

ஈயக் குண்டுக்கென்றே செய்த, இரண்டு படி கொண்ட பருத்த விரிப்புக் குச்சியை வாங்கினேன். முதல் படி குண்டைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரை, இரண்டு பங்கு சிறியது. மேல் படி கூட்டின் வாயைச் சற்றே திறந்து, குண்டு ஓரம் சீவப்படாமல் நேராக உட்கார வழிவிடுகிறது. கார்பைட் வளைய டையை எடுத்துவிட்டு, சாதாரண உருட்டு கிரிம்ப் டையால் குண்டின் கிரிம்ப் பள்ளத்துக்குள் கூட்டின் விளிம்பை நன்றாக மடித்தேன். பெரிய ரிவால்வரில் இந்த மடிப்பு அவசியம். இல்லாவிட்டால் உதையில் அடுத்த அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து, சிலிண்டர் சுற்ற முடியாமல் நின்றுவிடும். மறுபடி ஐந்து தோட்டாக்களைப் பிரித்து அளந்தேன். 0.452, 0.4525, 0.4525, 0.452, 0.4525.

அடுத்த ஞாயிறு கொத்து ஆறரை சென்டிமீட்டருக்கு வந்தது. குழலில் துணியை விட்டு எடுத்தேன். கரிதான் வந்தது, ஈயச் சிம்பு இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: நீங்கள் முடித்து வைத்திருக்கும் தோட்டாவிலிருந்து ஒரு குண்டை உருவி அளந்து பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் வார்ப்பைச் சீர்செய்ததில் பலன் தெரிய ஆரம்பித்தது. அளவு தப்பாக இருந்த காலத்தில் நல்ல குண்டும் கெட்ட குண்டும் ஒரே மாதிரிதான் பறந்தன.

வெப்பமானி இல்லாமல் வார்க்காதீர்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. என் கலவை 370-லிருந்து 385 வரை நன்றாக ஓடுகிறது. 400-ஐத் தாண்டினால் வெள்ளீயம் வேகமாக மேலே ஏடு கட்டிக் கழிவாகிவிடும், சேர்த்த பலன் போய்விடும். சக்கர எடைகளை உருக்குகிறவர்களுக்கு வெப்பமானி இன்னொரு வகையிலும் தேவை. இப்போது வருகிற எடைகளில் துத்தநாகம் கலந்து கிடக்கிறது. துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். சூட்டை 370-க்குக் கீழே வைத்தால் அவை உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். ஒருமுறை அசட்டையாக இருந்து ஒரு முழுப் பானையைக் கெடுத்தேன். ஈயம் கஞ்சி மாதிரி கெட்டியாகி, அச்சின் மூலைகளுக்குப் போகவே இல்லை.

அச்சும் சூடாக இருக்க வேண்டும். குண்டில் சுருக்கம் விழுந்தால் அச்சு ஆறியிருக்கிறது, அல்லது உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறது. குண்டு பனி படிந்தது போல் மங்கலாக வந்தால் சூடு கூடிவிட்டது. லேசான மங்கலால் கெடுதல் இல்லை. மின்னும் குண்டைவிட மூலைகள் கூர்மையாக நிரம்பிய மங்கலான குண்டு மேல். ஒரே தாளத்தில் வார்ப்பதுதான் பெரிய விஷயம். ஊற்று, எண்ணு, அச்சின் மேல் தகட்டைத் தள்ளி மிச்ச ஈயத்தை வெட்டு, திற, மூடு, ஊற்று. நடுவில் நிறுத்திக் குண்டை ரசித்துப் பார்த்தால் அச்சு ஆறிவிடும், அடுத்த ஐந்தாறு குண்டும் வீண். பார்ப்பதெல்லாம் கடைசியில்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் குண்டின் அடியைப் பாருங்கள். ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்து 1909-இல் வெளியிட்ட முடிவுகளில் இது உண்டு: மூக்கு நசுங்கிய குண்டு ஓரளவு நேராகவே போகிறது, அடி பழுதான குண்டு போவதில்லை. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். அதன் ஓரத்தில் ஒரு மூலை மழுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். நான் இப்போது ஒவ்வொரு குண்டையும் விளக்குக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து அடி விளிம்பை ஒரு சுற்றுப் பார்க்கிறேன். மழுங்கல், குழி, வெட்டிய இடத்தில் பிய்ந்த கீறல் எது இருந்தாலும் பானைக்கே திரும்பப் போகும். முதல் நாட்களில் பத்தில் மூன்று திரும்பியது. மேல் தகட்டை அவசரமாகத் தள்ளி, ஈயம் இறுகும் முன்பே வெட்டியதுதான் காரணம். இன்னும் இரண்டு நொடி பொறுத்ததும் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

குண்டுகளை எடை போட்டுப் பிரிப்பதை ஒரு வருடம் செய்தேன். கைத்துப்பாக்கி தூரத்தில் பலன் எனக்குத் தெரியவில்லை. மற்றவற்றைவிடத் தெளிவாக எடை குறைந்த குண்டை மட்டும் விலக்குகிறேன், உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம் என்பதற்காக. மெழுகைப் பற்றியும் நிறைய வாதம் நடக்கிறது. தேன்மெழுகும் அலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் பாதிக்குப் பாதி சேர்ந்த பழைய கலவையே எனக்குப் போதும். அளவு சரியாக இருந்தால் எந்த நல்ல மெழுகும் வேலை செய்யும்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் குண்டின் எடைக்கும் ஈயக் குண்டுக்கும் என்று அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து போங்கள், யார் வாய்மொழியாகச் சொன்னதையும் எடுக்காதீர்கள். 45 கோல்ட் கூடு கறுப்பு மருந்துக் காலத்தில் பிறந்தது, வயிறு பெரியது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். தவறுதலாக இரண்டு தடவை போட்டாலும் வழியாது, துப்பாக்கியே வெடித்துவிடும். ஐம்பது கூடுகளையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்த்த பிறகுதான் முதல் குண்டை வைக்கிறேன்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். குண்டு சரியானதும் ஒவ்வொரு கொத்திலும் ஒரு ஓட்டை மட்டும் கீழே இடப்பக்கமாக விலகி விழுவது தெரிந்தது. முதலில் ஏதோ ஓர் அறை என்று நினைத்து, அறைகளுக்கு எண் போட்டு, ஒரே அறையில் மட்டும் தோட்டா போட்டு ஐந்தைந்தாகச் சுட்டேன். அறையைப் பொறுத்து அது மாறவில்லை. அப்புறம் ஒரு நண்பரைத் தோட்டா நிரப்பச் சொன்னேன். எனக்குத் தெரியாமல் நடுநடுவே வெற்றுக் கூடு வைத்தார். மூன்றாவது இழுப்பில் வெற்றுக் கூடு வந்தது. வெடிக்கவில்லை, ஆனால் குழலின் முனை ஒரு விரல் அளவு கீழே இடப்பக்கம் குத்தியது. வெடிக்கப் போகிறது என்ற எண்ணத்தில் உடம்பு முன்கூட்டியே இறுகியிருக்கிறது. லேசாக உதைக்கும் செப்புறைத் தோட்டாவில் இது மறைந்திருந்தது. கனமான ஈயக் குண்டின் உதை அதைக் காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முதல் இருபது இழுப்பு வெற்றுக் கூடு கலந்துதான்.

ஈயத்தோடு பழகுகிறவர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். காற்றோட்டமான இடத்தில் மட்டும் உருக்குங்கள். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஆவியாகி ஈயத்தை வெளியே விசிறும். நெற்றி வியர்வைகூடச் சொட்டக்கூடாது, ஈரமான கட்டியைப் பானையில் போடவே கூடாது. வேலை முடியும்வரை வாயில் எதுவும் போகக்கூடாது. மேலே ஒதுங்கும் சாம்பல் தூசிதான் மோசமானது, அதைக் குழந்தைகள் நடமாடும் பக்கம் விடாதீர்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கிறேன். இரண்டாம் வருடம் அது சற்று ஏறியிருந்தது. வார்த்த உடுப்போடு வீட்டுக்குள் போவதை நிறுத்தினேன், இறங்கிவிட்டது.

போன மாதம் சுட்ட ஐந்து கொத்துகளில் பெரியது ஐந்தரை சென்டிமீட்டர், சிறியது நான்கு. ஒரே ஒரு நல்ல கொத்தைக் காட்டி மகிழ்வதை விட்டுவிட்டேன். ஐந்து கொத்து சுட்டு ஐந்தையும் நோட்டில் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. குழலில் ஈய உருண்டையைத் தள்ளியபோது, குழல் சட்டகத்தில் திருகி ஏறும் இடத்தில் ஒரு இறுக்கம் கைக்குத் தெரிந்தது; அதைத் தாண்டியதும் உருண்டை இலகுவாக ஓடியது. திருகின் இறுக்கத்தில் குழல் அந்த இடத்தில் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் சுருங்கும் குண்டு முன்னால் உள்ள அகலத்தில் மறுபடி பருக்காது. எவ்வளவு ஒடுக்கம் என்று அளக்க, புது உருண்டைகள் வார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.